வந்தவாசிப் போரை ஆத்தங்குடிக் கல் தரையில் நடத்துவது: விதிகள் குறித்த விவாதம்

கோட்டையூரான்

வரும் தை மாதம் ஊருக்கு வரும் நண்பர்கள் கூடி, 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரைச் சிற்றுருவப் பொம்மைப் படைகளைக் கொண்டு எங்கள் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) நடத்திப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. பொம்மைகள் பெரும்பாலும் தயாராகிவிட்டன. பங்காளிகள் எல்லோரிடமும் அனுமதியும் வாங்கியாயிற்று. விதிகள்தாம் இன்னும் இறுதியாகவில்லை. ஆகவே என் வரைவை இங்கே வைக்கிறேன்.

தளத்திலிருந்து தொடங்குகிறேன். வளவுப் பத்தியில் பதித்துள்ள ஆத்தங்குடிக் கல், அதாவது பூவேலைத் தரைக்கல், ஒவ்வொன்றும் 10 அங்குலச் சதுரம். ஒரு கல்லை 100 கெஜம் என்று கொண்டால் அளவுகோலே தேவைப்படாது. அந்தக் காலத்துத் துப்பாக்கிக் குண்டு 100 கெஜத்துக்கு அப்பால் குறி தவறிவிடும் என்பதால் காலாட்படையின் சூடு ஒரு கல்லோடு நிற்கும். பீரங்கியின் சிதறுகுண்டு மூன்று கல்லும், உருண்டைக் குண்டு ஆறு கல்லும் செல்லும். ஒரு மைல் அகலமுள்ள களம் ஏறத்தாழ 18 கல்லுக்குள், அதாவது 15 அடிக்குள் அடங்கிவிடுகிறது.

450 பேர் கொண்ட ஒரு பட்டாளம் மூன்று வரிசையாக நின்றால் முன்வரிசையில் 150 பேர் இருப்பார்கள். ஆளுக்கு 22 அங்குலம் வீதம் 92 கெஜம் ஆகிறது. ஆக, ஒரு பட்டாளம் ஒரு கல்லை நிரப்பும். நம் வீட்டுத் தரை இந்த ஆட்டத்துக்கென்றே அளந்து பதித்ததுபோல் அமைந்திருப்பதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

விதிகளைப் பொறுத்தவரை, என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றதற்கு ஆள் பற்றாக்குறை காரணமன்று. ஐரோப்பியக் காலாட்படையை மட்டும் எண்ணினால் அவர் பக்கம் சுமார் 2250 பேர், ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பக்கம் சுமார் 1900 பேர். லாலிக்கு 300 ஐரோப்பியக் குதிரை வீரரும், கூலிக்கு அமர்த்திய 3000 மராட்டியக் குதிரைப் படையும் இருந்தன. இந்தியச் சிப்பாய்களிலும் பீரங்கிகளிலும்தான் கூட்டின் கை ஓங்கியிருந்தது. இருந்தும், லாலியின் ஆணை அவருடைய படைக்குள்ளேயே செல்லுபடியாகவில்லை. சம்பள பாக்கிக்காக 1759 அக்டோபரில் கலகம் செய்த படையைத்தான் மூன்று மாதம் கழித்து அவர் களத்தில் நிறுத்தினார். ஆகவே நம் விதிகளில் துப்பாக்கிச் சூட்டைவிடக் கீழ்ப்படிதலுக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் வாதம்.

அதற்கு ஆறு முகப் பகடையை விடத் தாயக்கட்டை பொருத்தமானது. நான்கு பக்கமுள்ள இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றில் தாயம் (ஒன்று) 2 விதத்திலும், இரண்டு 3 விதத்திலும், மூன்று 4 விதத்திலும், நான்கு 3 விதத்திலும், ஐந்து 2 விதத்திலும், ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொரு விதத்திலும் விழும். நடு எண்கள் அடிக்கடியும் ஓர எண்கள் அரிதாகவும் விழுவதால், ஒரு படை ஆணைக்கு அடங்குமா என்பதைத் தீர்மானிக்க இது நன்றாக உதவும். ஆங்கிலேயப் படைப்பிரிவு எதற்கும் இரண்டு அல்லது அதற்கு மேல் விழுந்தால் அது நகரும். அதாவது 16இல் 14 வாய்ப்பு. பிரெஞ்சு ஐரோப்பியக் காலாட்படைக்கு மூன்றும், குதிரைப் படைக்கு நான்கும், சிப்பாய்களுக்கு ஐந்தும் குறைந்தபட்சம் விழ வேண்டும். மராட்டியருக்கு ஆறும் பன்னிரண்டும் மட்டுமே செல்லும்.

காரைக்குடிச் செக்காலை

கணக்கு அருமையாக இருக்கிறது, அண்ணே. ஆனால் 60 வயதைக் கடந்த இருவர் நம்மில் இருக்கிறார்கள். ஒரு பகல் முழுவதும் அவர்கள் தரையில் குனிந்து ஆட முடியுமா என்று யோசிக்க வேண்டும். மேசை போடுவதே நல்லது.

கோட்டையூரான்

தம்பி, மேசை போட்டால் கல் கணக்கு போய்விடும். பெரியவர்கள் மணையில் உட்கார்ந்து ஆணையை மட்டும் சொல்லட்டும், இளையவர்கள் பொம்மைகளை நகர்த்தட்டும். தளபதியின் வேலையும் அதுதானே. பொம்மைகளின் அடித்தட்டுக்குக் கீழே கம்பளித் துணி ஒட்டியிருக்கிறேன். கல்லின் மெருகில் கீறல் விழாது.

தேவகோட்டை வாத்தியார்

வரைவைக் கவனமாகப் படித்தேன். கீழ்ப்படிதல்தான் இந்தப் போரின் உயிர்நாடி என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அதைப் போரின் நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பிரெஞ்சு வலப்பக்கம் லொரேன் ரெஜிமெண்டும், நடுவில் 'இந்தியா பட்டாளம்' எனப்பட்ட பிரெஞ்சுக் கம்பெனியின் ஐரோப்பியப் படையும், இடப்பக்கம் லாலியின் பெயரைத் தாங்கிய ரெஜிமெண்டும் நின்றன. இடப்பக்கத்து முனையில் ஒரு குளம். அதன் கரையை அரணாக்கிப் பீரங்கிகளோடு கப்பற்படை வீரர்களை அங்கே வைத்திருந்தார்கள். எதிரே கூட்டின் சொந்த ரெஜிமெண்ட் இடப்பக்கமும், டிரேப்பரின் ரெஜிமெண்ட் வலப்பக்கமும், கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளங்கள் நடுவிலும் இருந்தன. ஆகவே லொரேனுக்கு எதிரில் கூட்டின் ஆட்கள், குளத்துக்கு எதிரில் டிரேப்பரின் ஆட்கள். ஆட்டம் இந்த இரு முனைகளில்தான் நடக்கும், நடுப்பகுதியில் பீரங்கிச் சத்தம் மட்டுமே கேட்கும்.

முதலில் லாலி தம் ஐரோப்பியக் குதிரைப் படையைத் தாக்கச் சொன்னபோது அது நகரவில்லை. பிறகு அவரே முன்னின்று நடத்திச் சென்றார். ஆங்கிலேயர் பக்கத்து நாட்டுக் குதிரைப் படை அந்தப் பாய்ச்சலைத் தாங்காமல் விலகியது. இரண்டு பீரங்கிகளே அந்தத் தாக்குதலைத் தடுத்து நிறுத்தின. உங்கள் விதிப்படி குதிரைப் படைக்கு 16இல் 7 வாய்ப்பு கிடைக்கிறது. நடந்ததற்கு அது பொருந்தி வருகிறது.

என் ஐயம் மராட்டியரைப் பற்றியது. 25 வீரருக்கு ஒரு பொம்மை என்ற கணக்கில் 3000 பேருக்கு 120 குதிரைப் பொம்மைகள் வேண்டும். களத்தில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கி நின்ற படைக்கு அவ்வளவு வண்ணமும் உழைப்பும் செலவிட வேண்டுமா? அவர்களை ஓர் அட்டையில் எழுதி ஓரமாக வைத்துவிடலாமே.

கோட்டையூரான்

வாத்தியார் அவர்களின் யோசனையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மராட்டியர் தாக்கவில்லை என்பது நமக்குத் தெரியும், அன்று காலையில் கூட்டுக்குத் தெரியாது. அவர் மலையடிவாரத்துப் பாறை நிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நகர்ந்ததற்குக் குதிரைப் படையைப் பற்றிய அச்சமும் ஒரு காரணம். திரளான குதிரைகள் கண்ணெதிரே நிற்கும்போது ஆங்கிலேயத் தளபதியாக ஆடுபவர் பின்னால் நிறுத்திய தம் மூன்றாம் வரிசைப் படையை எடுத்து முன்னால் போடத் துணிய மாட்டார். அட்டையைப் பார்த்து யாரும் அஞ்ச மாட்டார்கள். 120 பொம்மைகளுக்கும் நானே வண்ணம் தீட்டுகிறேன்.

லொரேன் ரெஜிமெண்டின் தாக்குதலைப் பற்றித் தனியே எழுத வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் அங்கே பரந்த வரிசையாக வரவில்லை. முன்பக்கம் 12 பேர் அகலமுள்ள நீண்ட அணியாக, துப்பாக்கி முனைகளில் ஈட்டி செருகி வந்தார்கள். 400 பேர் அப்படி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 33 வரிசை ஆழம், முன்பக்க அகலமோ எட்டுக் கெஜத்துக்கும் குறைவு. நம் தரையில் அது ஒரு கல்லின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கல்லின் ஓரத்துப் பூவேலையில் ஒரு இதழ் அளவுதான் இருக்கும். அந்த அணியில் முதல் இரண்டு வரிசையிலுள்ள 24 பேரைத் தவிர வேறு யாரும் சுட முடியாது. எதிரே மூன்று வரிசையாகப் பரந்து நிற்கும் பட்டாளத்தில் ஒவ்வொரு துப்பாக்கியும் சுடும். கூட்டின் ஆட்கள் 50 கெஜம் நெருங்கும் வரை பொறுத்திருந்து சுட்டார்கள். அரைக் கல் தூரம்! ஆனாலும் அந்த அணி நிற்கவில்லை. முன்னாலிருந்தவர்கள் விழ விழப் பின்னாலிருந்தவர்கள் உந்தி வந்து வரிசையை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். பரந்த வரிசை இரு பக்கமும் வளைந்து அவர்களைச் சூழ்ந்துகொண்டது. கைகலப்பில்தான் லொரேன் சிதறியது.

ஆகவே விதி இரண்டு உண்மைகளுக்கும் இடம் தர வேண்டும். நீண்ட அணி சுடுவதில் மிகவும் பலவீனமானது, மோதும் கணத்தில் மிகவும் பலமானது. என் யோசனை இது: நீண்ட அணியில் வரும் பட்டாளம் சுட்டால் ஒரே கட்டை உருட்டலாம். மோதிய முதல் சுற்றில் விழுந்த எண்ணோடு இரண்டைக் கூட்டிக்கொள்ளலாம். அடுத்த சுற்றில் அந்தக் கூடுதல் கிடையாது, பக்கவாட்டில் எதிரி இருந்தால் இரண்டைக் கழிக்க வேண்டும். இதன்படி, முதல் மோதலிலேயே எதிரியை உடைத்தால் வெற்றி. உடைக்காவிட்டால் அழிவு. லாலி அன்று எடுத்த துணிச்சல் அதுதான், அதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை.

பள்ளத்தூர் ஆச்சி

இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும்.

முதலாவது தாயத்தைப் பற்றியது. எங்கள் வீட்டில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய நான்குக்கும் மறு உருட்டல் உண்டு. உங்கள் வரைவில் தாயம் வெறும் தோல்வியாக இருக்கிறது. தாயக்கட்டையைக் கையில் எடுத்துவிட்டுத் தாயத்துக்கு மதிப்பில்லாமல் ஆடுவதை என்னால் ஏற்க முடியாது. அதற்குப் பதிலாக, தாயம் விழுந்தால் படை ஆணையை மறுத்துவிட்டது என்று கொள்ளுங்கள், ஆனால் தளபதி தாமே அந்தப் படையிடம் சென்று முன்னின்று நடத்தினால் மறு உருட்டல் உண்டு என்று வையுங்கள். மறு உருட்டலிலும் தாயமே விழுந்தால் அந்தத் தளபதி எதிரியிடம் சிக்கிக்கொள்வார். வாத்தியார் சொன்ன குதிரைப் படை நிகழ்ச்சி இதில் அப்படியே வந்துவிடுகிறது. லாலி தாமே சென்றார், படை நகர்ந்தது. இன்னொரு பிரெஞ்சுத் தளபதியான புஸ்ஸியும் அப்படித்தான், இடப்பக்கம் சரிந்தபோது லாலி ரெஜிமெண்டைத் தாமே நடத்திச் சென்று குதிரையை இழந்து சிறைப்பட்டார்.

இரண்டாவது சிப்பாய்களைப் பற்றியது. கூட்டின் பக்கம் 2100 பேர், லாலியின் பக்கம் 1300 பேர். நம் கணக்கில் 84 பொம்மைகளும் 52 பொம்மைகளும் ஆகின்றன. வண்ணம் தீட்டும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள், மகிழ்ச்சியோடு செய்கிறேன். ஆனால் எல்லாப் பொம்மைக்கும் ஒரே முகத்தையும் ஒரே தலைப்பாகையையும் வைக்க மாட்டேன். இரு பக்கமும் நின்றவர்கள் இந்த நாட்டு மக்கள். அன்றைய எழுத்துகளில் ஐரோப்பிய அதிகாரிகளுக்கு ஒருவர் விடாமல் பெயர் இருக்கிறது, இவர்களோ எண்ணிக்கையாக மட்டுமே வருகிறார்கள். ஆகவே ஒவ்வொரு சிப்பாய்ப் பிரிவிலும் சிப்பாய்களின் இந்திய அதிகாரிகளான ஒரு சுபேதார், ஒரு ஜமேதார் தனிப் பொம்மையாக நிற்க வேண்டும். சிப்பாய்களின் ஆணைச் சோதனையில் சுபேதார் உயிரோடிருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ளும் விதியும் வேண்டும்.

தேவகோட்டை வாத்தியார்

ஆச்சி சொன்ன இரண்டையும் வழிமொழிகிறேன். சுபேதார் விதி பிரெஞ்சு சிப்பாய்களை 16இல் 4 வாய்ப்பிலிருந்து 7 வாய்ப்புக்கு உயர்த்திவிடும். அவர்கள் அன்று முன்னேற மறுத்தவர்கள் என்பதை நினைவில் கொண்டு, லாலியின் சிப்பாய்களுக்கு மட்டும் தொடக்க எண்ணை ஆறாக உயர்த்தினால் சமன்பாடு கெடாது.

கானாடுகாத்தான் இளையவன்

நான் லாலியாக ஆடப்போகிறவன் என்பதால் கொஞ்சம் கடுமையாகவே கேட்கிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். குதிரை நகராது, சிப்பாய் நகரமாட்டார், மராட்டியர் வரமாட்டார்கள், அதற்கு மேல் குளத்திலுள்ள வெடிமருந்து வண்டியும் வெடிக்க வேண்டும். இப்படியிருந்தால் முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டது. நடந்ததை நடந்தபடியே நகர்த்திக் காட்டுவதற்கு இருவர் எதிரெதிரே உட்கார வேண்டியதில்லை, ஒருவர் கதையாகச் சொல்லிவிடலாம். லாலியின் இடத்தில் நின்று வேறொரு முடிவை எடுத்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அறியத்தான் நான் சென்னையிலிருந்து வருகிறேன்.

கோட்டையூரான்

தம்பியின் கேள்வி நியாயமானது, அதற்கு விதியிலேயே விடை இருக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன்.

வெடிமருந்து வண்டியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயக் குண்டு ஒன்று குளத்திலிருந்த வண்டியில் பட்டு வெடித்ததில் ஏறத்தாழ 80 பேர் இறந்தும் காயமுற்றும் விழுந்தார்கள், அங்கிருந்த தலைவரும் மாண்டார். கூட் அந்தக் குழப்பத்தைப் பயன்படுத்தி டிரேப்பரின் ரெஜிமெண்டை அனுப்பினார். அதை நடத்திச் சென்ற மேஜர் பிரெரட்டன் படுகாயமுற்று உயிரிழந்தார், ஆனாலும் குளம் பிடிபட்டது. இதை ஆட்டத்தில் கட்டாய நிகழ்ச்சியாக வைக்கக் கூடாது. குளத்தை நோக்கிச் சுடும்போது பன்னிரண்டு விழுந்தால் மட்டும் வண்டி வெடிக்கட்டும். ஒரு முறைக்கு 16இல் 1 வாய்ப்பு. எட்டுச் சுற்று தொடர்ந்து சுட்டாலும் ஏதாவது ஒரு முறை வெடிப்பதற்குப் பத்தில் நான்கு வாய்ப்புதான் வருகிறது. அதோடு, வண்டியைக் குளத்துக்குள் நிறுத்துவதா பின்னால் நிறுத்துவதா என்பதை லாலியாக ஆடுபவரே முடிவு செய்யட்டும். பின்னால் நிறுத்தினால் வெடிக்காது, ஆனால் குளத்துப் பீரங்கிகள் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் சுடும்.

அடுத்தது கீழ்ப்படிதல். ஆட்டம் தொடங்குமுன் லாலியிடம் இரண்டு சோழிகள் கொடுப்போம். ஒவ்வொரு சோழியும் ஒரு படைப்பிரிவின் சம்பள பாக்கியைத் தீர்ப்பதாகப் பொருள். எந்தப் பிரிவுக்குக் கொடுக்கிறாரோ அதன் தொடக்க எண் ஒன்று குறையும். குதிரைப் படைக்குக் கொடுப்பதா, சிப்பாய்களுக்குக் கொடுப்பதா, இரண்டையும் மராட்டியருக்கே கொடுத்து 3000 குதிரையையும் களத்தில் இறக்க முயல்வதா? இரண்டு சோழியும் அங்கே போனால் மராட்டியர் நகரும் வாய்ப்பு 16இல் 2 என்பதிலிருந்து 7 ஆகிவிடும். கூட் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். எதிராளிக்குத் தெரியாதபடி சோழிகளை மூடியிட்ட கொட்டானுக்குள் (ஓலைப்பெட்டிக்குள்) வைத்து நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

வெற்றியின் அளவையும் மாற்றலாம். கூட் வந்தது லாலி முற்றுகையிட்டிருந்த வந்தவாசிக் கோட்டையை மீட்பதற்காக. ஆகவே மதியம் 2 மணி வரை லாலியின் முகாம் அவர் கையில் இருந்தால் வெற்றி லாலிக்கே. ஒரு சுற்றைக் கால் மணி நேரம் என்று கொண்டு, காலை 11 மணியிலிருந்து 12 சுற்றுகள். அதற்குள் முகாமைப் பிடிக்காவிட்டால் ஆங்கிலேயத் தளபதி தோற்றார். இப்போது அவசரம் தம்பிக்கு இல்லை, எதிராளிக்குத்தான். லொரேனை நீண்ட அணியாக அனுப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. வேறொரு முடிவை எடுத்துப் பார்க்க இதைவிட நல்ல களம் கிடைக்காது.

கானாடுகாத்தான் இளையவன்

ஏற்றுக்கொள்கிறேன். சோழிகளை எங்கே வைப்பேன் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

காரைக்குடிச் செக்காலை

ஒரு சிறு சந்தேகம். கம்பெனிச் சிப்பாய்களுக்குத் தலைவராக யூசுப்கானை (மருதநாயகத்தை) ஒரு பொம்மையாக வைக்கலாமா? நம் பக்கத்து மக்களுக்கு அவர் பெயர் தெரிந்ததாயிற்றே.

தேவகோட்டை வாத்தியார்

வைக்க வேண்டாம், தம்பி. அவர் 1759இலேயே மதுரைச் சீமைக்கு அனுப்பப்பட்டுவிட்டார். பெயர் தெரிந்தவர் என்பதற்காகக் களத்தில் இல்லாதவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஆச்சி கேட்ட நியாயம் அடிபட்டுப் போகும்.

நம் பக்கத்து வரலாறு வேண்டுமென்றால் 1772 ஜூன் 25 அன்று சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்த காளையார்கோவில் போரை அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம். கம்பெனிப் படைத் தளபதிகளான ஜோசப் ஸ்மித் ஒரு புறமும் போன்ஜோர் மறுபுறமும் வந்த விதத்துக்குக் காட்டையும் மறைவையும் காட்டும் வேறு விதிகள் வேண்டும். அதைத் தனியே பேசுவோம்.

பள்ளத்தூர் ஆச்சி

வண்ணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. லாலியின் ரெஜிமெண்ட் அயர்லாந்துக்காரர்களைக் கொண்டது, அவர்கள் பிரெஞ்சு மன்னருக்காகப் போரிட்டாலும் அணிந்தது சிவப்புச் சட்டை. ஆங்கிலேயரும் சிவப்புத்தான். ஆகவே குளத்தருகே இரு பக்கமும் சிவப்பாக நிற்கும், அது வரலாற்றுக்கு ஒத்ததே. கலங்கிவிடாமலிருக்க லாலியின் ஆட்களுக்குக் கையோரத்தில் பச்சை தீட்டியிருக்கிறேன், கொடியையும் பெரிதாக வைத்திருக்கிறேன். லொரேனுக்கு வெள்ளை.

குளத்தைக் காகிதக்கூழில் செய்துவிட்டேன். கரை ஒரு கல் நீளம், பீரங்கி வைக்க நான்கு இடைவெளிகள். வண்டி தனியாக எடுத்து வைக்கும்படி இருக்கிறது.

கோட்டையூரான்

ஆச்சிக்கு மிக்க நன்றி. பச்சைக் கையோரம் நல்ல யோசனை.

நாளைப் பற்றி: ஜனவரி 22 அன்றே நடத்த வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் செக்காலைத் தம்பி பழனிக்கு நடைபயணம் போகிறார், தைப்பூசத் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் உறுதி செய்ய முடியும். அவர் இல்லாமல் கம்பெனிப் பட்டாளங்களை நடத்த ஆளில்லை. பூசம் அந்த வாரத்தில் வந்தால், அவர் திரும்பிய பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிடுவோம்.

வாத்தியார் அவர்கள் நடுவராக இருக்கச் சம்மதித்திருக்கிறார். பித்தளைத் தாயக்கட்டை எங்கள் வீட்டில் ஒரு சோடிதான் இருக்கிறது. இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் உருட்ட வேண்டியிருப்பதால் ஆச்சி அவர்கள் வீட்டுச் சோடியையும் எடுத்து வர வேண்டுகிறேன். இரண்டின் எடையும் ஒன்றாக இருக்கிறதா என்று முதல் நாள் மாலையே உருட்டிப் பார்த்துவிடலாம்.